கார்ட்ரிட்ஜுக்குப் பொருத்தமான ஃபோனோ ஸ்டேஜ்: ஓர் எளிய விளக்கம்

டர்ன்டேபிளின் சிவப்பு, வெள்ளை வயர்களை ஆம்பின் (ஆம்ப்ளிஃபயரின்) ஆக்ஸ் இன்புட்டில் செருகினால் பாட்டு வரத்தான் செய்யும். வால்யூமை முழுக்கத் திருப்பினாலும் கொசு ரீங்காரம்போல மெலிசாக வரும். தவிலும் தபேலாவும் இருந்த இடமே தெரியாது. ரெக்கார்டும் கெட்டுப்போகவில்லை, ஊசியும் தேயவில்லை. ஊசியின் அசைவை மின் சிக்னலாக்கும் பாகமான கார்ட்ரிட்ஜ் தருகிற மிகச் சிறிய சிக்னலை ஆம்புக்கு ஏற்றபடி மாற்றித்தரும் சர்க்யூட் நடுவில் இல்லை, அதுதான் காரணம். அந்த சர்க்யூட்டுக்கு ஃபோனோ ஸ்டேஜ் என்று பெயர். ஃபோனோ பிரீஆம்ப் என்றும் சொல்வார்கள். சில ஆம்புகளில் உள்ளேயே இருக்கும், சில டர்ன்டேபிள்களிலும் உள்ளேயே இருக்கும், உள்ளங்கை அளவுப் பெட்டியாகத் தனியாகவும் கிடைக்கும்.

இருந்தால் மட்டும் போதாது, உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு அது பொருந்தவும் வேண்டும். பொருத்தம் பார்க்க மூன்று விஷயங்கள் உண்டு: எத்தனை மடங்கு பெருக்குகிறது, கார்ட்ரிட்ஜுக்கு எத்தனை ஓம் லோடு (மின்தடை) காட்டுகிறது, வழியில் எவ்வளவு கெபாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மை) சேர்கிறது. முதல் இரண்டைப் பற்றிக் கடைக்காரரே சொல்லிவிடுவார். மூன்றாவதை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. எம்.எம். எனப்படும் சாதாரண வகைக் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒலி கரகரப்பாகக் கேட்பதற்குப் பல நேரம் அதுவே காரணம் என்பதால், இங்கே அதற்குத்தான் அதிக இடம்.

கார்ட்ரிட்ஜ் என்ன தருகிறது

ஊசி பொருத்திய குச்சியின் மறுமுனையில் ஒரு குட்டிக் காந்தம் இருந்து, அது அசையாத காயிலுக்குப் பக்கத்தில் ஆடினால் அது மூவிங் மேக்னட், சுருக்கமாக எம்.எம். காந்தம் அசையாமல் இருக்க, காயில் ஆடினால் மூவிங் காயில், எம்.சி. ஆடுகிற பொருள் இலேசாக இருக்கவேண்டும் என்பதற்காக எம்.சி.யில் காயிலை மிகக் குறைந்த சுற்றுகளோடு சுற்றுவார்கள். சுற்று குறைந்தால் வோல்டேஜும் குறையும். காந்தம், காயில் இரண்டுமே நிலையாக இருந்து சிறு இரும்புத் துண்டு மட்டும் ஆடும் வகையும் உண்டு. கிராடோ கார்ட்ரிட்ஜுகள் அந்த இனம். இணைப்பு விஷயத்தில் அவற்றில் பெரும்பாலானவற்றை எம்.எம். கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

எம்.எம். தருவது சுமார் 3 முதல் 6 மில்லிவோல்ட். சாதாரண எம்.சி. தருவது 0.2 முதல் 0.6 மில்லிவோல்ட். ஒரு சி.டி. பிளேயர் தருவது 2 வோல்ட் வரை. ஆக்ஸில் செருகியபோது ஏன் ஒலி எழவில்லை என்பதற்கு இந்த வித்தியாசமே பதில்.

தவில், தபேலாவின் பேஸ், அதாவது தாழ்ந்த சுருதி, காணாமல் போனதற்குக் காரணம் வேறு. தட்டில் பாட்டை வெட்டும்போது தாழ்ந்த சுருதிகளைக் குறைத்தும், உயர்ந்த சுருதிகளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். பேஸை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக ஆடி இடத்தைத் தின்றுவிடும், ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடப் பாட்டு கொள்ளாது. உயர் சுருதிகளைக் கூட்டிவைத்தால், திரும்ப இசைக்கும்போது அவற்றைக் குறைக்கையில் தட்டின் உராய்வு இரைச்சலும் சேர்ந்து குறையும். எவ்வளவு கூட்டுவது, குறைப்பது என்பதை 1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. ஒரு பொது அளவாக வகுத்தது. இசைக்கும்போது ஃபோனோ ஸ்டேஜ் அதைத் தலைகீழாகச் செய்கிறது: 1,000 ஹெர்ட்ஸை நடுவாக வைத்தால் 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 19 டெசிபெல் கூட்டல், 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபெல் குறைத்தல்.

இதனால்தான் இரண்டு ஃபோனோ ஸ்டேஜ்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாலும் கெடும். உள்ளேயே பிரீஆம்ப் உள்ள டர்ன்டேபிளை ஆம்பின் ஃபோனோ இன்புட்டில் செருகினால் பேஸ் இரண்டு முறை கூடி, உயர் சுருதி இரண்டு முறை குறைந்து, போர்வைக்குள்ளிருந்து உறுமுவதுபோலக் கேட்கும். கூடவே சிதைவும் இருக்கும். இப்படிப்பட்ட டர்ன்டேபிள்களின் பின்புறத்தில் ஃபோனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஆம்பின் ஃபோனோவில் செருகினால் சுவிட்ச் ஃபோனோவில், ஆக்ஸில் செருகினால் லைனில். வேறு எதைச் சந்தேகிப்பதற்கும் முன்பு இந்தச் சுவிட்சைப் பாருங்கள்.

எத்தனை மடங்கு பெருக்க வேண்டும்

ஃபோனோ ஸ்டேஜின் பெருக்கத்தை, அதாவது கெயினை, டெசிபெல்லில் சொல்வார்கள். 20 டெசிபெல் என்றால் 10 மடங்கு, 40 என்றால் 100 மடங்கு, 46 என்றால் 200 மடங்கு, 60 என்றால் 1,000 மடங்கு, 66 என்றால் 2,000 மடங்கு. ஃபோனோ ஸ்டேஜிலிருந்து 300 முதல் 500 மில்லிவோல்ட் வெளியே வந்தால் பெரும்பாலான ஆம்புகளுக்குப் போதும்.

ஆடியோ-டெக்னிகா ஏ.டி.-வி.எம்.95இ தருவது 4 மில்லிவோல்ட். 40 டெசிபெல்லில் அது 400 ஆகிறது, சரியாக அமைந்துவிட்டது. ஆர்டஃபோன் 2எம் ரெட் தரும் 5.5, 550 ஆகிறது, அதுவும் சரி. டெனான் டி.எல்.-103 தருவது வெறும் 0.3. அதே 40 டெசிபெல்லில் 30 மில்லிவோல்ட்தான் கிடைக்கும். வால்யூமைத் தூக்க வேண்டிவரும், தூக்கினால் ஆம்பின் இரைச்சலும் கூடவே எழும். அதற்கு 60 டெசிபெல் வேண்டும். 2 மில்லிவோல்ட் அளவில் தரும் ‘ஹை அவுட்புட்’ எம்.சி.க்கள் நடுவில் நிற்பவை. அவற்றை எம்.எம். இன்புட்டிலேயே போடலாம், 46 டெசிபெல் கிடைத்தால் இன்னும் நல்லது.

கார்ட்ரிட்ஜுகளின் எண்களை ஒப்பிடும்போது ஒரு பொடி எழுத்தைக் கவனியுங்கள். ஊசி விநாடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் ஆடும்போது அளந்ததா, 3.54 சென்டிமீட்டர் வேகத்திலா? பின்னதாக இருந்தால் அந்த எண்ணை 1.41-ஆல் பெருக்கிய பிறகே மற்றதோடு ஒப்பிட வேண்டும்.

பழைய ஆம்புகளின் கையேட்டில் கெயினுக்குப் பதிலாக ‘ஃபோனோ 2.5 மில்லிவோல்ட், 47 கிலோ ஓம்’ என்று போட்டிருக்கும். வால்யூம் முழுக்கத் திறந்திருக்கும்போது 2.5 மில்லிவோல்ட் உள்ளே வந்தால் ஆம்ப் தன் முழுச் சக்தியையும் தரும் என்பது பொருள். அது எம்.எம்.முக்கான இன்புட். 0.1 அல்லது 0.2 மில்லிவோல்ட், 100 ஓம் என்று இருந்தால் எம்.சி.க்கானது.

கெயின் கூடினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். தட்டில் உரத்த இடங்களில் ஊசியின் வேகம் 5 சென்டிமீட்டரைப்போல ஐந்து மடங்குகூடப் போகும். 2எம் ரெட்டிலிருந்து அந்தக் கணம் 27 மில்லிவோல்ட் வரும். அதை 1,000 மடங்கு பெருக்கினால் 27 வோல்ட். சிறு அடாப்டரில் ஓடும் பெட்டியால் அந்த வோல்டேஜைத் தரவே முடியாது. அலையின் தலை வெட்டுப்படும். மெல்லிய இடங்கள் சுத்தமாகவும் உரத்த இடங்கள் மட்டும் கிழிந்தும் கேட்டால், எம்.எம். கார்ட்ரிட்ஜ் எம்.சி. இன்புட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கெபாசிட்டர்

எம்.எம். கார்ட்ரிட்ஜின் காயில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்டது. அதற்கு இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தைக் காயில் எதிர்க்கும் தன்மை) அதிகம்: வி.எம்.95இ-யில் 550 மில்லிஹென்றி, 2எம் ரெட்டில் 700. மறுபக்கம், கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் உள்ளே ஓடும் மெல்லிய கம்பி, ஆம்புக்குப் போகும் வயர், ஃபோனோ ஸ்டேஜின் வாசலில் வைத்திருக்கும் சிறு கெபாசிட்டர் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரே கெபாசிட்டராக நிற்கின்றன. இண்டக்டன்ஸும் கெபாசிட்டன்ஸும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட சுருதியில் ஒத்ததிர்வு வரும். வீணையின் குடம் தனக்குப் பிடித்த ஸ்வரத்தை மட்டும் எடுத்துப் பேசுவதுபோல, அந்தச் சுருதிக்கு அருகில் ஒலி எழும்பி, அதற்கு மேலே சடாரென்று விழும்.

இது குறையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. ஊசியும் காயிலும் இயல்பாகவே உயர் சுருதியில் சற்றுத் தளர்வதால், இந்த எழுச்சியைக் கொண்டே அந்தத் தளர்வை ஈடுகட்டும்படி வடிவமைப்பாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு பலிக்க, கெபாசிட்டன்ஸ் அவர்கள் சொன்ன அளவில் இருக்க வேண்டும். வி.எம்.95இ-க்கு 100 முதல் 200 பைக்கோஃபாரட். 2எம் ரெட்டுக்கு 150 முதல் 300. ஷூரின் பழைய கார்ட்ரிட்ஜுகளில் சிலவற்றுக்கு 400 முதல் 500.

எங்கே ஒத்ததிர்வு வரும் என்று நீங்களே கணக்கிடலாம். மில்லிஹென்றியையும் பைக்கோஃபாரடையும் பெருக்குங்கள், வர்க்கமூலம் எடுங்கள், 5,033-ஐ அதனால் வகுங்கள். விடை கிலோஹெர்ட்ஸில் வரும்.

டர்ன்டேபிள் பக்கம் 120 பைக்கோஃபாரட், ஆம்பின் வாசலில் 220, ஆக மொத்தம் 340 என்று வைத்துக்கொள்வோம். இது அபூர்வமான நிலை ஒன்றும் இல்லை. வி.எம்.95இ-க்கு 550-ஐ 340-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 432, ஒத்ததிர்வு 11.6 கிலோஹெர்ட்ஸில். அதே கார்ட்ரிட்ஜுக்கு மொத்தம் 200-ஆக இருந்தால் அது 15.2-க்கு ஏறிவிடும். பதினைந்துக்கு மேலே உள்ள எழுச்சி பலர் காதுக்கு எட்டாது. பதினொன்றில் உள்ளது எட்டும்: பாடகியின் ‘ஸ’வும் ‘ச’வும் சீறும், ஜால்ரா கண்ணாடி உடைவதுபோலக் கேட்கும், நாதஸ்வரம் காதைக் குத்தும். இந்தக் கார்ட்ரிட்ஜே இப்படித்தான் என்று நினைத்து விலை கூடியதைத் தேடிப் போகிறவர்கள் நிறைய. புதிய ஒன்றை வாங்குவதற்கு முன்பு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது மிச்சமாகும் பணத்துக்காகவே செய்யத்தக்கது.

சீறலுக்கு வேறு காரணங்களும் உண்டு. பிரித்தறிய நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. தட்டின் வெளிவிளிம்பில் உள்ள முதல் பாட்டில் சுத்தமாக இருந்து, லேபிளை நெருங்க நெருங்கச் சீறல் கூடினால், கார்ட்ரிட்ஜ் கோணம் சரியில்லை அல்லது ஊசி தேய்ந்திருக்கிறது. முதல் பாட்டு முதல் கடைசிப் பாட்டு வரை ஒரே அளவில் சீறினால் கெபாசிட்டன்ஸைச் சந்தேகியுங்கள்.

டர்ன்டேபிள் பக்கத்துக் கெபாசிட்டன்ஸை வீட்டிலேயே அளக்கலாம். கெபாசிட்டன்ஸ் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர் போதும். கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிடுங்கள், கார்ட்ரிட்ஜ் பொருத்தியிருக்கும் முனையான ஹெட்ஷெல் தனியாகக் கழலும் வகையென்றால் ஹெட்ஷெல்லோடு எடுத்துவிடலாம். ஆம்பிலிருந்து வயரை உருவிவிட்டு, அந்த ஆர்.சி.ஏ. பிளக்கின் நடு முனைக்கும் வெளி வளையத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். மீட்டரின் வயர்களே சில பைக்கோஃபாரட் காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆம்பின் பங்கு கையேட்டில் இருக்கும். கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும்போது மீட்டரை வைக்காதீர்கள். காயில் வழியே மீட்டர் அனுப்பும் மின்சாரம், எம்.சி.யின் நுண்ணிய காயிலுக்கு நல்லதல்ல. அளவும் தப்பாகத்தான் வரும்.

மொத்தம் கூடுதலாக இருந்தால் முதலில் வயரைச் சுருக்குங்கள். ஒரு மீட்டருக்கு எத்தனை பைக்கோஃபாரட் என்பது வயருக்கு வயர் மாறும். அந்த எண்ணைச் சொல்லாமல் தங்கமுலாமைப் பற்றி மட்டும் பேசும் வயரை ஒதுக்குவது நல்லது. அடுத்த வழி, வாசல் கெபாசிட்டன்ஸ் குறைந்த, அல்லது சுவிட்ச் வைத்து மாற்றக்கூடிய ஃபோனோ ஸ்டேஜ். மாற்ற வசதியே இல்லாத ஆம்ப் என்றால், கார்ட்ரிட்ஜையே அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கலாம். கிராடோ பிரெஸ்டீஜ் வரிசையின் இண்டக்டன்ஸ் 45 மில்லிஹென்றிதான். அதே 340 பைக்கோஃபாரடில் ஒத்ததிர்வு 40 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும், காதுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

குறைவாக இருந்தால் கூட்டுவது சுலபம். இரண்டாகப் பிரியும் ஆர்.சி.ஏ. அடாப்டர் ஒன்றைப் போட்டு, பிரியும் ஒரு வாயில் சிறு கெபாசிட்டர் பற்றவைத்த பிளக்கைச் செருகிவிடலாம். இடது, வலது இரண்டுக்கும் ஒரே மதிப்பாக இருக்கட்டும்.

லோடு ரெசிஸ்டன்ஸைப் பொறுத்தவரை எம்.எம்.முக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவு 47 கிலோ ஓம். எம்.எம். இன்புட் என்று எழுதியிருந்தால் அநேகமாக அதுதான் உள்ளே இருக்கும். சீறலை அடக்க, 100 கிலோ ஓம் ரெசிஸ்டரை அதே அடாப்டர் வழியாக இணையாகச் சேர்த்து 32 கிலோ ஓமுக்கு இறக்குகிறவர்கள் உண்டு. எழுச்சி தணியும், ஆனால் உயர் சுருதி முழுவதுமே சற்று மங்கும். கெபாசிட்டன்ஸைக் குறைக்கவே முடியாதபோது மட்டும் செய்யலாம்.

எம்.சி.க்கு வேறு கணக்கு

எம்.சி. காயிலில் சுற்றுகள் குறைவு என்பதால் இண்டக்டன்ஸும் மிகச் சொற்பம். ஒத்ததிர்வு காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும், ஆகவே பைக்கோஃபாரட் கவலை இங்கே கிடையாது. பார்க்க வேண்டியது ஓம் மட்டும். காயிலின் ரெசிஸ்டன்ஸைப்போலப் பத்து மடங்கு லோடு என்பது தொடங்குவதற்கு நல்ல விதி. டி.எல்.-103-இன் காயில் 40 ஓம், எனவே 400 ஓம். அதில் இழப்பு 1 டெசிபெல்லுக்கும் குறைவு. 100 ஓமில் போட்டால் ஏறத்தாழ 3 டெசிபெல் போகும். கெட்டுவிடாது, சத்தம் கொஞ்சம் குறைந்து, உயர் சுருதி சற்று அடங்கும். அப்படியே பிடித்துப்போகிறவர்களும் இருக்கிறார்கள்.

எம்.எம். இன்புட் மட்டும் உள்ள நல்ல ஆம்ப் கையில் இருந்தால், நடுவில் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போட்டு எம்.சி.யைப் பயன்படுத்தலாம். அது சுற்று விகிதத்துக்கு ஏற்ப வோல்டேஜைக் கூட்டும். பலரும் தவறவிடும் இடம் இதுதான்: ஆம்பின் 47 கிலோ ஓம், டிரான்ஸ்ஃபார்மர் வழியே கார்ட்ரிட்ஜுக்குத் தெரியும்போது விகிதத்தின் வர்க்கத்தால் வகுபட்டுத் தெரிகிறது. 1:10 என்றால் 470 ஓம். 1:20 என்றால் 117. 1:30 என்றால் வெறும் 52.

டி.எல்.-103-இன் 0.3 மில்லிவோல்டை வைத்துப் பார்ப்போம். 1:10-இல் இழப்புப் போக 2.8 மில்லிவோல்ட் வருகிறது. 1:20-இல் 4.5. 1:30-இல் 5.1 மட்டுமே. விகிதத்தை ஒன்றரை மடங்காக்கியும் கிடைத்தது சொற்பம். காயிலின் மேல் சுமை ஏறியதுதான் மிச்சம். இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 1:10 பொருத்தம், சத்தம் போதாத ஆம்பில் 1:20 வரை போகலாம். காயில் 2 அல்லது 3 ஓம் மட்டுமே உள்ள கார்ட்ரிட்ஜுகளுக்கே 1:30 போன்ற விகிதங்கள்.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் வயரை எம்.எம். இன்புட்டில் செருகுங்கள், எம்.சி.யில் அல்ல. அந்த வயர் குட்டையாக இருக்கட்டும்: 1:10-இல் அதன் கெபாசிட்டன்ஸ் கார்ட்ரிட்ஜ் பக்கத்துக்கு 100 மடங்காகத் தெரியும். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகளை ஓம் மீட்டரால் சோதிக்கவும் வேண்டாம், உள்ளே இருக்கும் இரும்பில் காந்தத்தன்மை ஏறிவிடும்.

பழைய பெட்டி பிளேயரும் 78 தட்டும்

வீட்டுப் பரணில் இருக்கும் பழைய பெட்டி ரெக்கார்டு பிளேயர்களில் பெரும்பாலும் கிரிஸ்டல் அல்லது செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். இவை நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தருபவை, ஃபோனோ ஸ்டேஜ் வேண்டாதவை. ஃபோனோ இன்புட்டில் செருகினால் சிதையும். ஆக்ஸில் செருகினால் சத்தம் வரும், பேஸ் இருக்காது. இந்த வகைக் கார்ட்ரிட்ஜ் தானே ஒரு சிறு கெபாசிட்டர்போல நடந்துகொள்வதால், 1 மெகாஓம் அளவுக்கு லோடு கேட்கும். ஆக்ஸில் இருப்பதோ சில பத்து கிலோ ஓம். நடுவில் 1 மெகாஓம் இன்புட் உள்ள எளிய பஃபர் சர்க்யூட் ஒன்றை ரேடியோ மெக்கானிக் யாரிடமாவது சொல்லிச் செய்துகொள்ளலாம்.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் 78 தட்டுகள் இந்தியாவில் 1960-களிலும் வந்துகொண்டிருந்தன. பழைய 78-களில் பலவும் ஆர்.ஐ.ஏ.ஏ. அளவுக்கு முன்பே வெட்டப்பட்டவை. கம்பெனிக்குக் கம்பெனி, காலத்துக்குக் காலம் அளவு மாறும். சாதாரண ஃபோனோ ஸ்டேஜில் ஓட்டும்போது பாகவதர் காலத்துக் குரல் மந்தமாகத் தோன்றினால் டிரெபிளை (உயர் சுருதியை) தயங்காமல் கூட்டுங்கள். அதற்கும் முன்பு 78-க்கென்றே உள்ள தடித்த ஊசியை மாட்டுங்கள். எல்.பி. ஊசி அந்த அகலப் பள்ளத்தின் அடியில் போய்க் குப்பையைத்தான் கிளறும்.

‘ஹம்’ சத்தம்

1,000 மடங்கு பெருக்கும்போது வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் 1,000 மடங்கு பெருகும். டர்ன்டேபிளிலிருந்து வரும் ஒற்றை எர்த் வயரை ஃபோனோ ஸ்டேஜின் திருகில் மாட்டியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஆம்பிலேயே ஃபோனோ இன்புட் இருந்தால் அதன் எர்த் திருகில். டோன்ஆர்மைத் தொட்டதும் உறுமல் குறைந்தால் அந்த வயர் எங்கோ அறுந்திருக்கிறது. ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் உறுமினால் ஹெட்ஷெல்லின் நான்கு வண்ண வயர்களில் ஒன்று தளர்ந்திருக்கும்: சிவப்பும் பச்சையும் வலதுக்கு, வெள்ளையும் நீலமும் இடதுக்கு.

எல்லாம் சரியாக இருந்தும் உறுமினால், ஃபோனோ ஸ்டேஜையோ ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரையோ ஆம்பின் மேலிருந்து எடுத்து, வயர் அனுமதிக்கும் தூரத்துக்குத் தள்ளிவைத்து, மெதுவாகக் கால்வட்டம் திருப்பிப் பாருங்கள். ஆம்பின் பவர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் காந்தப்புலம் ஒரு குறிப்பிட்ட திசையில்தான் அதிகமாகப் பிடிக்கும். உறுமல் சட்டென்று இறங்கும் கோணம் ஒன்று இருக்கும். அங்கேயே விட்டுவிடுங்கள்.